கார்டை அப்படியே இறக்குங்கள்

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு மூங்கில்துறைப்பட்டு, சங்கராபுரம் பக்கத்து ஸ்டுடியோக்களில் மிக்ஸிங் வேலை சூடுபிடிக்கும். கல்யாண வீடியோ மிக்ஸிங் என்றாலே இங்கெல்லாம் வெகுகாலமாக எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருள்தான். பாட்டுக்கு ஏற்றபடி முன்கூட்டியே வெட்டி ஒட்டிய புராஜெக்ட்டுகள் அதற்கு விலைக்குக் கிடைக்கின்றன. மாப்பிள்ளை, பெண் காட்சிகளை உள்ளே பொருத்தினால் பாட்டு ரெடி. இப்போது கேட்பவர்களின் ரசனை மாறிவிட்டது. கேண்டிட் வேண்டும், ரீல்ஸ் வேண்டும், சினிமா மாதிரி நிறம் வேண்டும் என்கிறார்கள். அதனால் பிரீமியருக்கும் டாவின்சி ரிசால்வுக்கும் தாவுகிறவர்கள் உண்டு. ரிசால்வின் இலவசப் பதிப்பை வைத்தே ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம் என்பது தாவுவதற்குப் பெரிய காரணம்.

மாறும்போது எல்லோரும் முதலில் கேட்பது, “அண்ணே, இதுல கட் பண்ண எந்த பட்டன்?” என்றுதான். பட்டன் பத்து நாளில் விரலுக்குப் பழகிவிடும். சிக்கல் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அது புரியக் கேசட் காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தோளில் சுமந்த பானசோனிக் எம்டி 10000 கேமரா காலத்தில் மினி டிவி கேசட்தான் எல்லாம். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கேசட் பெயரும் தேதியும் எழுதிய பெட்டிக்குள் பீரோவில் இருந்தது. எந்த மென்பொருள் வந்தாலும் போனாலும் மறுபடி எடுத்து ஓட்டலாம். 2004-இல் பானசோனிக்கின் பி2 கார்டு வந்தது; 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ஏவிசிஎச்டி என்ற வீடியோப் பதிவு முறையை அறிவித்தன. 2011 மார்ச் சுனாமியில் ஜப்பானின் செண்டாய் பக்கத்தில் இருந்த சோனி ஆலை பாதிக்கப்பட்டு, எச்டிகேம் எஸ்ஆர் டேப்புக்கே தட்டுப்பாடு வந்தபோது, உலகத்தின் பெரிய ஸ்டுடியோக்களும் டேப்பை இன்னும் வேகமாகக் கைவிட்டன. நம் மண்டபங்களில் கார்டு வந்ததும் ஒரு பழக்கம் தலைகீழானது: இன்று எடுத்த கார்டை நாளைய முகூர்த்தத்துக்கு அழித்தாக வேண்டும். எனவே டிஸ்க்கில் இறக்கிய பிரதிதான் அசல்.

அந்த அசலை நாம் நடத்தும் விதம்தான் மோசம். ஏவிசிஎச்டி கார்டைத் திறந்தால் பிரைவேட், அதற்குள் ஏவிசிஎச்டி, பிடிஎம்வி, ஸ்ட்ரீம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர். கடைசியில் எம்டிஎஸ் ஃபைல்கள். படம் அதில்தான் இருக்கிறது என்று அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பை என்று விட்டுவிடுகிறோம். எஃப்ஏடி32 கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் கேமராவை நிறுத்தாமல் எடுத்த முகூர்த்தம் பல துண்டுகளாக விழுந்திருக்கும். ‘இவை எல்லாம் ஒரே ஷாட்’ என்ற தகவல், நாம் குப்பை என்று விட்ட சின்ன ஃபைல்களில் இருக்கிறது. தனித் துண்டுகளை அடுக்கினால் இணைப்பில் சில ஃபிரேம்களுக்கு ஒலி விடுபடலாம். தாலி கட்டும் நேரத்தில் மேளம் விக்கும். முழு ஃபோல்டரும் இருந்தால் பிரீமியரின் மீடியா பிரௌசர் அதை ஒரே கிளிப்பாகவே காட்டும். சோனியின் எக்ஸ்ஏவிசி எஸ் கேமராக்களிலும் ஒவ்வொரு எம்பி4-க்கும் பக்கத்தில் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் உட்கார்ந்திருக்கும். அதையும் பிரிக்க வேண்டாம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். இரண்டு சோனி கேமராக்கள் ஓடினால் இரண்டிலும் சி0001 என்ற ஃபைல் இருக்கும். எல்லாவற்றையும் ‘முகூர்த்தம்’, ‘நலங்கு’, ‘ரிசப்ஷன்’ என்று டிஸ்க்கிலேயே பிரித்துப் போட்டு, ஃபைல் பெயரையும் மாற்றி வைப்பது இங்கே வழக்கம். எடியஸில் அன்றைக்கு வேலை ஓடிவிடும். பிறகு அந்த டைம்லைனை ஏஏஎஃப் அல்லது இடிஎல் என்ற பரிமாற்ற ஃபைல் வழியாக வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோனால், அது பழைய பெயரையும் டைம்கோடையும் வைத்துத்தான் ஃபுட்டேஜைத் தேடும். கிடைக்காவிட்டால் சிவப்புத் திரை. வேறொரு சி0001 கிடைத்துவிட்டால் அதைவிட மோசம்: தாலிகட்டு இருந்த இடத்தில் பந்தி ஓடும்.

எனவே என் கட்சி இது. டிஸ்க்கில் பிரிப்பது கேமராவையும் கார்டையும் வைத்து மட்டும் இருக்கட்டும். தேதியில் தொடங்கும் கல்யாண ஃபோல்டர். அதற்குள் கேமரா ஏ, கேமரா பி, டிரோன். அதற்குள் கார்டு 1, கார்டு 2. கார்டில் இருப்பது ஒரு புள்ளி மாறாமல் உள்ளே போக வேண்டும். நலங்கு, பெண் அழைப்பு, முகூர்த்தம் என்ற பிரிவுகள் மென்பொருளுக்குள் ‘பின்’ என்று இருக்கும் ஃபோல்டர்களுக்குள் இருக்கட்டும். பின்னை எத்தனை முறை கலைத்தாலும் ஃபுட்டேஜ் நகராது. இறக்கியதும் அளவை ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டாவது டிஸ்க்கிலும் போட்ட பிறகே கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். சரிபார்த்துப் பிரதி எடுக்க ரிசால்விலேயே குளோன் டூல் இருக்கிறது. இரண்டு கேமரா கடிகாரங்களையும் காலையிலேயே ஒன்றாக வைத்துவிடுவது நல்லது. மறந்துபோனாலும் கெட்டிமேளம் காப்பாற்றும். ஒலியை வைத்துக் காட்சிகளைப் பொருத்தும் வசதி பிரீமியரிலும் ரிசால்விலும் உண்டு.

பாதியில் நிற்கும் வேலையைப் புது மென்பொருளுக்கு இழுக்காதீர்கள். ஏஏஎஃப் கொண்டுபோவது வெட்டுகளைத்தான். டைட்டிலும் பாட்டு எஃபெக்ட்டும் பெரும்பாலும் பின்தங்கிவிடும். 2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ், தன் முந்தைய பதிப்பின் புராஜெக்ட்டுகளையே திறக்கவில்லை. கோபித்துக்கொண்ட எடிட்டர்கள் பலர் பிரீமியருக்குப் போனார்கள். திறக்காதவை புராஜெக்ட்டுகள், ஃபுட்டேஜ் அவர்களிடம் அப்படியே இருந்தது. ரிசால்வுக்கு வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் புராஜெக்ட் ஃபுட்டேஜ் பக்கத்தில் ஃபைலாக இருக்காது. கம்ப்யூட்டரில் உள்ள டேட்டாபேஸில் இருக்கும். டிஸ்க்கை மட்டும் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு கலர் பார்க்கப் போனால் அங்கே திறக்க ஒன்றும் இருக்காது. புராஜெக்ட்டைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து அதே டிஸ்க்கில் போட்டுக்கொள்ள வேண்டும்.

“டிஸ்க்குக்கு யார் காசு தருவா?” என்பது நியாயமான கேள்வி. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் எடுக்கும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. இரண்டு பிரதி என்றால் 1 டிபிக்கு மேல். இந்தச் செலவை ஸ்டுடியோக்காரர் தலையில் மட்டும் கட்டினால், அடுத்த சீசனில் அவர் பழைய கல்யாணத்தை அழிக்கத்தான் செய்வார். பெண் வீட்டாருக்கோ பென் டிரைவில் வந்த படம்தான் தெரியும். மூலம் ஸ்டுடியோவில் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே ரசீதில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: ஃபுட்டேஜ் எத்தனை மாதம் இருக்கும், அதற்குப் பிறகு டிஸ்க் யாருடையது. எந்த மென்பொருளில் வெட்டுவது என்பது எடிட்டர் பாடு. இந்த இரண்டு வரி கல்யாண வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.