ஆட்டத்தை அளந்துவிட்டுப் பேசுங்கள்

நம்மிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு மெக்கானிக் கதை இருக்கிறது. ஊர்ப்பக்கம் புளியமரத்தடிப் பட்டறை, பழைய புல்லட். இன்ஜினில் பேரிங் உட்காரும் கூடு தேய்ந்து லூஸாகிவிட்டது. பள்ளிக்கூடம் தாண்டாத மெக்கானிக் அண்ணன் கூட்டுக்குள் சென்டர் பஞ்சை வைத்துச் சுற்றிலும் இருபது புள்ளி குத்துகிறார். பேரிங்கைத் தட்டி இறக்குகிறார். வண்டி கிளம்பிவிடுகிறது. "இதெல்லாம் எந்த காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?" என்று கதைசொல்லி நெகிழ்கிறார். நாம் கீழே ஹார்ட்டின் விடுகிறோம்.

எனக்கு இந்தக் கதையைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தவன், பொறாமையில் பேசுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கதை ஏன் எப்பவும் வண்டி கிளம்பியதோடு முடிந்துவிடுகிறது? ரெண்டு மாசம் கழித்து என்ன ஆச்சு?

பஞ்ச் குத்தினால் புள்ளியைச் சுற்றி உலோகம் எரிமலை வாய் மாதிரி மேலெழும். பேரிங் இனிமேல் அந்த இருபது முனைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். சுற்றளவு முழுக்கப் பகிர்ந்துகொண்ட சுமையை இருபது ஊசிமுனைகள் தாங்கவேண்டும். கூடு அலுமினியம், மெத்தென்ற உலோகம். முனைகள் நசுங்கும், பழையபடி ஆட்டம் வரும். பேரிங் கூட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அதை இன்னும் பெரிசாக்கும். அடுத்து வருகிறவர் சரியாக அளக்கலாம் என்றால், அளக்க வழவழப்பான பரப்பே மிச்சமிருக்காது. பாராட்டு வாங்கிய அண்ணன் அடுத்த மெக்கானிக்குக்கு விட்டுப்போனது இதைத்தான்.

எத்தனை லூஸ் என்று அந்தக் கதையில் யாருமே கேட்பதில்லை.

6206 என்று ஒரு சாதாரணப் பேரிங் உண்டு. உள்விட்டம் 30 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62. பேரிங் எஃகு. கூடு அலுமினியம் என்றால் சூட்டில் அது எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 80 டிகிரி ஏறினால் அந்த 62 மில்லிமீட்டர் கூட்டில் சுமார் 55 மைக்ரான் பிடிப்பு காணாமல் போகும். தலைமுடியைவிடக் கொஞ்சம் மெல்லிசு. காலையில் கையால் அசைத்துப் பார்க்கும்போது கல்லு மாதிரி இருக்கும் பேரிங், தீவு விரைவுச்சாலையில் இருபது நிமிஷம் ஓட்டியதும் கடகடவென்று பேசுவதற்கு இதுதான் காரணம். கையால் அசைத்துப் பார்த்து "டைட்டாதான் இருக்கு" என்று சொல்கிற நிபுணர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளந்துவிட்டால் வைத்தியம் தானே தெரியும். சில மைக்ரான்தான் லூஸ் என்றால் லாக்டைட் வகைப் பசை போதும். காற்றுப் படாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இறுகுகிற பசை அது. எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக்கூடாது. கால் மில்லிமீட்டரெல்லாம் தாண்டிவிட்டால் பசையை நம்பாதீர்கள். கூட்டைக் கடைந்து பெரிசாக்கி, ஸ்லீவ் அடித்து, அந்த ஸ்லீவை பேரிங்கைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சின்னதாகத் திரும்பவும் கடையவேண்டும். பிறகு கேஸை அவனில் 120 டிகிரிக்குச் சூடாக்கி, ஃப்ரீசரிலிருந்து எடுத்த பேரிங்கை மேலே வைத்தால் டொக்கென்று அதுவே இறங்கி உட்காரும். சுத்தியலுக்கு வேலையே இல்லை. (வீட்டு அவன் என்றால் முதலில் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.)

எல்லா ஆட்டமும் நோயும் அல்ல. பழைய புல்லட்டின் கனெக்டிங் ராடு பெரிய முனையில் மிதக்கும் புஷ் ஒன்று இருக்கும். உள்ளேயும் வெளியேயும் வேண்டுமென்றே இடைவெளி விட்டுச் செய்தது. எண்ணெய்ப் படலத்தின் மேல் தானும் மெதுவாகச் சுற்றவேண்டும் என்பதுதான் அதன் வேலை. அதை "லூஸா இருக்கே" என்று இறுக்கினால் இன்ஜின் காலி. எந்த ஆட்டம் நோய், எந்த ஆட்டம் வடிவமைப்பு என்பதை வெறும் கையை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சரி, ஊர்ப்பக்க வியாதி 'ஒப்பேத்திடு' என்றால், சிங்கப்பூரில் நம் வியாதி 'மாத்திடு'. தேக்காவில் பூ வியாபாரம் செய்யும் ஒரு அண்ணன் 1990களில் பதிவான ஹோண்டா வைத்திருக்கிறார். தினமும் அதில்தான் வேலை. ஒரே வருஷத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மூன்று தடவை புதுப் பேரிங் போட்டார்கள், மூன்று தடவையும் சத்தம் திரும்பி வந்தது. "வண்டிக்கு வயசாச்சு அண்ணே, தூக்கிப் போட்டுருங்க" என்று அறிவுரை வேறு. தேய்ந்தது கூடு. பேரிங்கை முப்பது தடவை மாற்றினாலும் கூடு தேய்ந்ததுதான். கடைசியில் காக்கி புக்கிட்டில் லேத் வைத்திருக்கும் ஒரு சீன அங்கிள் போர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தார். 0.08 மில்லிமீட்டர் பெரிசு. ஸ்லீவ் போட்டார். ரெண்டு வருஷமாகச் சத்தம் இல்லை.

ஆனால் அந்த ஹோண்டாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. 1 ஜூலை 2003-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 30 ஜூன் 2028-க்குப் பிறகு நம் சாலைகளில் ஓடமுடியாது. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2018 ஏப்ரலில் அறிவித்தது. முன்கூட்டியே பதிவை ரத்து செய்கிறவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். புகை நிஜம், பின்னால் நடந்து போகிறவரின் நுரையீரலும் நிஜம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் புகையை அளக்கக் கருவி இருக்கும் ஊரில், அளவை விட்டுவிட்டுப் பதிவுத் தேதியைப் பார்த்து ஏன் தீர்ப்பு எழுதவேண்டும்? சோதனையில் தேறுகிற வண்டிக்கும் தேறாத வண்டிக்கும் ஒரே நாளில் கதவைச் சாத்துவது, காலையில் கையால் அசைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற நிபுணரின் வேலைதான்.

35 வயது தாண்டினால் கிளாசிக் திட்டம் இருக்கிறதே என்பார்கள். வருஷத்துக்கு 45 நாள் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போகிறவருக்கு அது போதும், பூ விற்கிறவருக்கு எப்படிப் போதும்? புது வண்டி வாங்கலாம் என்றால், மோட்டார் சைக்கிளுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் 2022 கடைசியில் 12,000 வெள்ளியைத் தாண்டியதை மறந்துவிட்டோமா? பழுது பார்த்து ஓட்டுவது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்காகவும், தூக்கிப்போட்டு வாங்குவது வசதியில்லாதவர்களின் கட்டாயமாகவும் ஆகிக்கொண்டிருக்கிறது.

இதில் நம்மைப் போல எழுதுகிற, வாசிக்கிற ஆட்கள் எங்கே நிற்கிறோம்? சுங்கை ரோடு சந்தையை 10 ஜூலை 2017 அன்று மூடினார்கள். அதற்கு வந்த அஞ்சலிக் கவிதைகளை நானும் வாசித்தேன். துரு, பழைய கடிகாரம், தாத்தாவின் ரேடியோ. அங்கே விரிப்பில் கிடந்த கார்புரேட்டரை யார் வாங்கினார்கள், எதற்குப் பொருத்தினார்கள், பொருந்தாதபோது என்ன செய்தார்கள் என்று ஒரு வரியும் இல்லை. தேய்மானம் நமக்கு உருவகமாக மட்டும் தேவைப்படுகிறது. அது எத்தனை மைக்ரான் என்றதும் 'இலக்கியத்தில் எதுக்கு இதெல்லாம்' என்கிறோம். பிள்ளைப்பேறு, சமையல், நெசவு எல்லாவற்றையும் நுணுக்கமாக எழுதக் கற்றுக்கொண்ட மொழியில், ஒரு புஷ் எப்படி அடிப்பது என்பதை மட்டும் ஏன் மெக்கானிக்கின் மேதைமை என்கிற மூடுமந்திரமாக விட்டுவைக்கவேண்டும்? அவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளவேண்டிய வேலை நமக்கு மிச்சம், அதுதானே?

காக்கி புக்கிட் அங்கிளுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய பிள்ளைகள் வேறு வேலையில் இருக்கிறார்கள். போர் கேஜை எப்படிப் பிடிப்பது, எந்தக் கோணத்தில் ஆட்டினால் சரியான விட்டம் கிடைக்கும் என்று கேட்டால் சலிக்காமல் சொல்லித் தருகிறார், பாதி மலாயில், பாதி கைஜாடையில். நாலு வருஷம் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது நான் அந்தக் கருவியைத் தொட்டது ஒரே ஒரு மதியம். சனிக்கிழமை ஒரு மணி வரை கடை திறந்திருக்கும். போன மாசம் நான் போனபோது கேஜைக் கையில் கொடுத்துவிட்டு, எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.