பொம்மையின் மேனிக் கறை

நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளைப் பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிப் பரணில் ஏற்றுவது நம் இல்லங்களின் வழக்கம். மண் பொம்மைக்கு அதனால் பெரிய கெடுதி இல்லை. குழந்தையின் மிருதுவான வினைல் பொம்மையையும் அவ்வாறே சுற்றி வைத்தால், அடுத்த ஆண்டு அதன் கன்னத்தில் தலைப்புச் செய்தி படிக்கலாம்! புதியது வாங்கித் தருகிறேன் என்றால் குழந்தை ஒப்புமா? அதற்கு அந்த முகமே வேண்டும்.

வினைல் மிருதுவாயிருப்பதற்காக அதில் எண்ணெய் போன்றதொரு பொருளைச் சேர்க்கிறார்கள். அச்சு மையும் சட்டைச் சாயமும் அதில் கரைந்து உள்ளே இறங்கிவிடுகின்றன. ஆகவேதான் சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. சிலிகோன் மேனியிலும் சாயம் ஏறும். ஊறிய பின் போக்குவது அரிது. கருஞ்சிவப்பு, கருநீலத் துணிகளை நீர் தெளியும்வரை அலசிய பின்னரே பொம்மைக்கு உடுத்துக. பரணில் வைப்பதற்குப் பழைய வெள்ளை வேஷ்டித் துண்டே போதும்.

வினைலில் கறை பட்டுவிட்டதா? நகப்பூச்சு அகற்றும் திரவத்தைத் தொடாதீர்கள். அது வினைலையே அரித்துவிடக் கூடும். முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்ஸைடு களிம்பைக் கறைமீது மட்டும் தடவி, சில மணி நேரம் வெயிலில் வைத்துத் துடைக்கவும். பல நாள் பொறுமை வேண்டும். எழுதிய கண்ணிலும் புருவத்திலும் பட்டால் அவையும் வெளுத்துப்போகும். நன்றாகக் கழுவிய பிறகே குழந்தையிடம் கொடுங்கள்.

எங்கள் செல்லிப்பட்டுப் பக்கத்துத் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. சுதேசப் பொருளாகிய அவற்றுக்குச் சாயத்தைவிட நீரே சத்துரு. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்க.