திண்ணன் தின்று பார்த்தான்

ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடுகின்றன. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. சத்தியவேடு 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். படாஸ்கர் ஏற்பாட்டின்படி திருத்தணி இந்தப் பக்கம் வந்தபோது இது அந்தப் பக்கம் போயிற்று. பிறகு சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

மாறியது சாப்பாடு. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு இந்தப் பக்கத்து ரோட்டோரங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் புகை கிளம்பத் தொடங்கியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வரும் இளைஞர்களுக்காக இரும்பு டிரம்மைப் பாதியாக வெட்டி, மேலே கம்பி வலை போட்டு, கோழி சுடுகிறார்கள். பலகையில் ‘பார்பெக்யூ’ என்று எழுதியிருக்கிறது. கரீபியத் தீவுக்காரர்களின் மரச்சட்டத்துக்குப் பெயராக இருந்த சொல், ஸ்பானிஷ்காரர்கள் வாயில் புகுந்து, உலகைச் சுற்றி, இங்கே தகரத்தில் பெயின்ட் ஆகியிருக்கிறது.

நான் போன கடையில் நாலு மேஜை. முதலாளிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கடன் வாங்கிப் போட்ட கடை என்று கேட்காமலே சொன்னார். அரைக் கோழி கேட்டேன். பத்தே நிமிடத்தில் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கோழி, தீயணைப்பு வண்டி நிறத்தில் இருந்தது. கூடவே ஒரு கிண்ணம் மயோனைஸ், வெங்காயம், எலுமிச்சை. மேல்தோலில் காரம் சரி, உப்பு சரி, புகை மணம் நிஜமானது. தயிர் நன்றாக ஊறியிருந்ததால் சதை சவசவவென்று இல்லை. இதுவரை மார்க் போடலாம். ஆனால் தொடையைப் பிய்த்தபோது எலும்போரம் சதை பச்சையாக, கண்ணாடி மாதிரி மின்னியது. விரலில் ஒட்டிய சிவப்பு இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

காரணம் அடுப்பிலேயே தெரிந்தது. கரி இன்னும் சுவாலையோடு எரிந்துகொண்டிருந்தது. சுவாலை தோலைக் கருக்கும், உள்ளே போகாது. கரி முழுக்கச் சாம்பல் பூத்து, தணலாக நின்ற பிறகுதான் கோழியை வைக்க வேண்டும். வைத்தாலும் தொடைக்கு நேரம் அதிகம், மார்புக்குக் குறைவு. கோழியின் உட்பகுதி 74 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டால்தான் கிருமிகள் பற்றிக் கவலையில்லை. வெப்பமானி இல்லாத கடையில் அதற்கு ஒரே வழி பொறுமை. கூட்டம் நிற்கும்போது பொறுமைக்கு எங்கே போவது?

முதலாளி வந்து நின்றார். “எப்படி சார் இருக்கு?”

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தட்டைக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்துப் போய், தணல் ஓரமாக வைத்து மூடினார்.

“இந்தக் கலர் எதுக்குப்பா?”

“போடலைன்னா ‘வேகலை’ன்னு திருப்பி அனுப்புறாங்க சார். சிவப்பா இருந்தாதான் மசாலா பிடிச்சிருக்குன்னு நினைக்கிறாங்க.”

“நீ இதைச் சாப்பிடுவியா?”

கொஞ்ச நேரம் கரியைக் கிளறினார். “எங்களுக்கு வேற மாதிரி செஞ்சுக்குவோம்” என்றார்.

அவர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. இது நாடு முழுக்க நடப்பது. கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனிலும், ஜூனில் கபாபிலும் செயற்கை நிறத்துக்குத் தடை போட்டது. பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸை 2024 அக்டோபரில் தெலங்கானாவும் 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் ஓராண்டுக்குத் தடை செய்தன. அரசாங்கம் ஆணை போடலாம். சிவப்பைக் கேட்கும் நம் கண்ணுக்கு யார் ஆணை போடுவது?

இத்தனைக்கும் சுட்ட இறைச்சி நமக்கு நேற்று வந்ததில்லை. கரிகாலன் வீட்டு விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படையில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த கறியைச் சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றித் தின்கிறார்கள். தின்று தின்று பல் மழுங்கியே போகிறது. (பல் டாக்டர் பற்றிப் புலவர் ஒன்றும் சொல்லவில்லை.)

அதைவிடச் சத்தியவேட்டுக்குப் பக்கத்து உதாரணம் உண்டு. இங்கிருந்து வடமேற்கே காளத்தி. சேக்கிழார் சொல்லும் வேடன் திண்ணன், பின்னாளில் கண்ணப்பர், பன்றிக் கறியைக் கோலில் கோத்துப் பதமாகச் சுட்டு, ஒவ்வொரு துண்டையும் வாயில் அதுக்கிப் பார்த்து, நன்றாக இருந்ததை மட்டும் இலைத் தொன்னையில் வைத்து மலைக்கு எடுத்துப் போனான். கூட வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பசியோடு இருப்பவன் தானும் தின்னாமல், தங்களுக்கும் தராமல், ருசி மட்டும் பார்க்கிறானே, பைத்தியமா என்று நினைத்தார்கள். மறுநாள் வந்த சிவகோசரியார் அதை அனுசிதம் என்று கூட்டித் தள்ளினார். நமக்குப் பக்தி இலக்கியம். அடுப்படிக்காரர்களுக்கு அது தொழில் பாடமும்கூட. தான் வாயில் வைத்துப் பார்க்காததை அவன் யாருக்கும் பரிமாறவில்லை.

இருபது நிமிடம் கழித்து என் தட்டு திரும்பி வந்தது. கோழி இப்போது வெந்திருந்தது, ஆனால் மார்புப் பகுதி காய்ந்துவிட்டது. இரண்டாம் முறை அடுப்பேறிய கோழிக்கு அதுதான் விதி. கூட இன்னொரு சின்னத் தட்டு. அவர்களுக்காக அடுப்பின் மூலையில் சுட்ட நாட்டுக்கோழி: மஞ்சள், உப்பு, அரைத்த பச்சை மிளகாய், வேறொன்றும் இல்லை. மங்கலான பழுப்பு நிறம். பலகையில் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சதை கொஞ்சம் கெட்டி, மெல்ல வேண்டும். மென்றால் கோழியே ருசிக்கிறது, பிறகு புகை, கடைசியில் மிளகாய். அன்றைக்குச் சாப்பிட்டதில் அது ஒன்றுதான் சாப்பாடு.

இதற்கு என்ன விலை என்றேன்.

“இது மெனுவில் இல்ல சார்.”

“போடேன்.”

“ரெண்டு நாள் போட்டுப் பார்க்கிறேன். ஓடலைன்னா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அரைக் கோழிக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். அதற்குள் ஷிப்ட் பஸ் வந்து நின்று, ஒரு கும்பல் இறங்கியது. முதல் ஆள் உட்காருவதற்கு முன்பே, “நல்லா சிவப்பா, சீக்கிரமா” என்று கத்தினான்.