அதிகாலை நான்கு மணிக்கு மெயினை அணையுங்கள்

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடி. அதிகாலை மூன்றே முக்கால் மணி. ஸ்படிக லிங்க தரிசனத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் ஹீட்டரைப் போட்டிருந்தார்கள்போலும், கரண்ட் போய்விட்டது. கதவைத் திறந்து நடைவழிக்கு வந்தேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நாலடி நடந்ததும் படிக்கட்டு இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மறந்துபோயிற்று. முந்தைய நாள் மாலைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறி வந்திருந்தேன். பக்கத்து அறை வாசலில் ஒரு மூதாட்டி இந்தியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வரவேற்பில் இருந்த பையன் செல்போன் வெளிச்சத்தோடு மேலே ஏறி வந்து, “இன்வெர்ட்டர் இருக்குண்ணே, இப்ப வந்துரும்” என்றான்.

வரத்தான் செய்தது, ஐந்தாறு நிமிடம் கழித்து. வந்த வெளிச்சத்தில் பார்த்தால், நடைவழிச் சுவரில் எமர்ஜென்சி லைட் ஒன்று மாட்டியே இருந்தது. அதன் திருகுகள் துருவேறி, ஒயர் நுழையும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. கீழே இறங்கினேன். படிக்கட்டு முடியும் இடத்தில் கம்பிக் கேட்டை இழுத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி மேலே வந்த பையனிடம் இருந்தது. இன்வெர்ட்டர் படிக்கட்டுக்கு அடியில், பழைய மெத்தைகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று தீ இல்லை, புகை இல்லை, எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் இருளோடு புகையும் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கட்டட விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1970-இல் முதலில் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதன் நான்காம் பகுதி தீ, உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. வெளியேறும் வழியின் நடுக்கோட்டில், தரைமட்டத்தில் குறைந்தது 10 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும் என்கிறது அது. பௌர்ணமி நிலவின் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான் என்றால் கணக்குப் புரியும். மின்சாரம் நின்றதும் அவசர விளக்கு எரிய வேண்டும், ஒன்றரை மணி நேரம் அணையாமல் நிற்க வேண்டும், எவ்வளவு சிறிய கட்டடமானாலும் இதில் விலக்கு இல்லை. வழி திரும்பும் இடம், படி தொடங்கும் இடம், தரை ஏறி இறங்கும் இடம், வெளிவாசல், வாசலுக்கு அப்பால் சில அடி என்று எங்கெங்கே விளக்கு வேண்டும் என்பதையும் சொல்கிறது. வழக்கமான விளக்குகளுக்கு வரும் மின்சாரத்தைச் சாராத தனி மூலம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. படிக்கட்டுக்கு அடியில் மெத்தையோடு இருக்கும் இன்வெர்ட்டர் இந்தக் கடைசி நிபந்தனையில் தோற்றுவிடுகிறது. ஒரே ஸ்விட்ச் போர்டு, ஒரே ஒயரிங். தீ அங்கேதான் பிடித்ததென்றால் கரண்டோடு சேர்ந்து அதன் மாற்றும் போய்விடும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தீயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஏர்வாடியைத் தாண்டிப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை ஐந்து மணியளவில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீ பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்து நடத்திய வழக்கின் தலைப்பிலேயே 25 சாவு என்று இருக்கிறது. பிறகு அந்த எண்ணிக்கை 28 ஆனது. எத்தனை லக்ஸ் விளக்கு எரிந்திருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. விதித் தொகுப்பு மனதில் வைத்திருக்கும் மனிதனுக்குக் கால் கட்டப்படவில்லை, கண் தெரிகிறது, பலகையில் எழுதியிருப்பதைப் படிக்க முடிகிறது, வந்த வழி நினைவிருக்கிறது. ஏர்வாடியில் முதல் நிபந்தனையே இல்லாமல் போனது. லாட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் மீதி மூன்றும் ஒவ்வொன்றாக இல்லாமல் போகின்றன.

ஏர்வாடிக்குப் பிறகு நடந்தவை சரியானவையே. அதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டன, நோயாளிகள் அரசுப் பராமரிப்புக்குப் போனார்கள், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்தது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் எரிந்த பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைக்குத் தடை வந்தது. நம் ஊரில் ஒவ்வொரு தீக்குப் பிறகும் எரிந்த பொருளின் மீதோ கட்டிவைத்த பொருளின் மீதோ சட்டம் பாய்கிறது. வெளியே போகும் வழி அதே வேகத்தில் பேச்சுக்கு வருவதில்லை. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். கீழே டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீ மாடிக்கு வரவில்லை, புகைதான் வந்தது. மின்சாரம் நின்று அரங்கு இருண்டபோது அவசர விளக்கோ வழிகாட்டும் விளக்கோ எரியவில்லை என்பது அந்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. நம் ஊர்ப் பழைய தியேட்டர்களில் கதவுக்கு மேலே சிவப்புப் பெட்டிக்குள் ‘வெளியே’ என்று எரியுமே, இடைவேளையில் முறுக்கு வாங்கப் போக மட்டுமே நாம் பார்த்த விளக்கு, அதன் உண்மையான வேலை இதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏர்வாடித் தீ அதிகாலை ஐந்து மணிக்கு. 2019 பிப்ரவரி 12 அன்று டெல்லி கரோல் பாக்கில் 17 பேரைக் கொன்ற ஹோட்டல் தீ பிடித்ததும் விடியலுக்கு முன்னால். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், தென்னகக் கோயில்களைப் பார்க்க லக்னோவிலிருந்து வந்தவர்களில் 9 பேர் இறந்ததும் விடியும் முன்புதான். அந்தத் தீக்குக் காரணம் விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் கேஸ் சிலிண்டர். ராமேஸ்வரத்துக்கு வடக்கேயிருந்து கூட்டமாக வரும் பலரும் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், விடியும் முன்பே எழுந்து டீ போடுகிறவர்கள். ஹீட்டர், அடுப்பு, தூக்கக் கலக்கம் மூன்றும் ஒன்றுகூடும் நேரம் அது. இரவுப் பணியில் இருப்பது ஒரே ஒரு பையன்.

வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ராமேஸ்வரம் நகராட்சியில் 45 ஆயிரம் பேர்கூட இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி சிவராத்திரி நாட்களில் ஊரில் தூங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தை முந்தைய நாள்தான் முதன்முதலாகப் பார்த்தவர்கள். முதியவர்கள் அதிகம். தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாதவர்களும் அதிகம். ‘அவசர வழி’ என்று எவ்வளவு பெரிதாக எழுதினாலும் இவர்களுக்கு அது சுவரில் ஒரு கோலம். பச்சைப் பின்னணியில் ஓடும் மனிதன் இந்தச் சிக்கலுக்காகவே பிறந்தவன். 1972-இல் ஒசாகாவில் ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடம் எரிந்து 118 பேர் இறந்தார்கள், அடுத்த ஆண்டு குமாமோட்டோவில் இன்னொன்று. பிறகு ஜப்பான் ஒரு போட்டி வைத்து, எழுத்து வேண்டாத அடையாளத்தைத் தேடியது. யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளரின் படம் தேர்வானது. 1980-களில் அது உலகத் தரமாகவும் ஆனது. நம் பக்கத்து லாட்ஜுகளிலும் அந்தப் பச்சை ஸ்டிக்கர் இப்போது தென்படுகிறது. ஸ்டிக்கராக இருப்பதுதான் குறை. இருட்டில் அவனும் தெரிய மாட்டான்.

விளக்கு எரிந்தாலும் அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். புகை முதலில் கூரையைப் பிடிக்கும், பிறகு கீழே இறங்கும். உத்திரத்தோடு ஒட்டி மாட்டிய விளக்கு முதல் நிமிடத்திலேயே மறைந்துவிடும். அதனால்தான் விமானங்களில் இருக்கைகளுக்கு இடையிலான தரையில் வழிகாட்டும் வெளிச்சம் 1980-களின் நடுவில் கட்டாயமானது. நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்பின்போது படிக்கட்டுகள் புகையிலும் இருளிலும் மூழ்கின. அதற்குப் பிறகு படி விளிம்புகளில் இருட்டில் ஒளிரும் பூச்சு அடித்தார்கள். 2001-இல் அதே படிகளில் இறங்கியவர்களுக்கு அது உதவியது. 2004-இல் அந்நகரம் உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு அதைச் சட்டமாக்கியது.

எங்கள் கடற்கரைக்கு இந்த ஒளிரும் பட்டை இன்னொரு காரணத்தால் பொருந்தும். இங்கே உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஏசி பெட்டி, ஜன்னல் கம்பி, மோட்டார் சைக்கிள் சங்கிலி எல்லாம் தின்றுபோகும். பாம்பனில் விசைப்படகுக்காரர் பேட்டரி முனையில் கிரீஸ் தடவாமல் கடலுக்குப் போக மாட்டார். லாட்ஜ்காரர் எமர்ஜென்சி லைட்டை மாட்டிய நாளோடு மறந்துவிடுகிறார். அமெரிக்க விதியின்படி அவசர விளக்கை மாதம் ஒருமுறை அரை நிமிடமும், ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரமும் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். காற்றில் உப்பில்லாத ஊருக்கும் அதே இடைவெளிதான். தனுஷ்கோடி பக்கமிருந்து காற்று அடிக்கும் ஊருக்கு அதைவிட அடிக்கடி பார்க்க வேண்டாமா? ஒளிரும் பட்டையில் துருப்பிடிக்கப் பேட்டரி இல்லை. ஆனால் அதுவும் விளக்கொளியைக் குடித்துத்தான் பிறகு ஒளிரும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவெல்லாம் நடைவழி விளக்கை அணைத்துவைத்தால் பட்டையும் பட்டினி கிடக்கும். ஆகவே இரண்டும் வேண்டும்: தலைக்கு மேலே மூடிய பெட்டிக்குள் பேட்டரி விளக்கு, கால் மட்டத்தில் பட்டை. அமாவாசை நாளில் ஓர் அறைக்கு வாங்கும் ஓர் இரவு வாடகைக்குள் நல்ல விளக்கு ஒன்று வந்துவிடும்.

விதி இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். தேசியத் தொகுப்பு தன்னளவில் பரிந்துரைதான். மாநிலம் தன் விதியில் சேர்த்தால்தான் அதற்குப் பல் முளைக்கும். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரமான கட்டடம் என்கின்றன. தேசியத் தொகுப்பு 15 மீட்டரிலேயே அப்படிச் சொல்கிறது. கெடுபிடி எல்லாம் உயரத்தோடு சேர்ந்து ஏறுகிறது. மூன்று மாடி, நான்கு மாடி லாட்ஜ் இதில் அடியில் நழுவிவிடுகிறது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் லிஃப்டுக்குள் சிக்கி மூச்சுத்திணறி 6 பேர் இறந்தார்களே, அது அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டடம் அல்ல.

எனக்கு 10 லக்ஸ் மீதே ஒரு சந்தேகம் உண்டு. பிரிட்டனில் இதே வழிக்கு 1 லக்ஸ் போதும் என்கிறார்கள், அதைக் கறாராகச் சோதிக்கிறார்கள். நாம் பத்து மடங்கு கேட்டுவிட்டுப் பூஜ்யத்தை வாங்கிக்கொள்கிறோம். பெரிய எண்ணைப் பார்த்துச் சிறிய லாட்ஜ்காரர் இது நட்சத்திர ஹோட்டலுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார். படி விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால் முதல் கட்டத்துக்குப் போதும்.

ஆய்வுதான் முழுவதுமாக மாற வேண்டும். உரிமம் புதுப்பிக்க அதிகாரிகள் வருவது பகல் பதினோரு மணிக்கு. ஜன்னல் வழியே வெயில் கொட்டும். தீயணைப்பான் உருளையின் தேதியைப் பார்ப்பார்கள், எமர்ஜென்சி லைட்டில் சோதனைப் பொத்தானை அழுத்துவார்கள், அது மினுக்கென்று எரியும், கையெழுத்து விழும். ஒன்றரை மணி நேரம் தாங்குமா என்பது அந்தப் பொத்தானுக்குத் தெரியாது. எனவே ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி அமாவாசைக்கு முந்தைய வாரங்களில், தீயணைப்புத் துறையும் நகராட்சியும் மின்வாரியமும் சேர்ந்து அதிகாலை நான்கு மணிக்கு வர வேண்டும். முன்கூட்டிச் சொல்லக் கூடாது. மெயினை அணைக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் சேர்த்து. அந்த லாட்ஜை அதுவரை பார்த்திராத ஒருவரை மேல்மாடியின் கடைசி அறையில் விட்டுவிட்டு, செல்போன் இல்லாமல் தெருவுக்கு வரச் சொல்ல வேண்டும். எத்தனை நிமிடமாயிற்று, கம்பிக் கேட் எத்தனை மணிக்குத் திறந்தது என்பதை எழுதி வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். அறை வாடகைப் பட்டியல் ஒட்டியிருக்கும் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில்.

தூங்குகிற பக்தர்களை எழுப்பலாமா என்று சங்கடப்பட வேண்டியதில்லை. அந்த ஊரில் நான்கு மணிக்குத் தூங்குகிறவர்கள் குறைவு. மெயினை அணைத்தால் கோபப்படப்போவது ஹீட்டர் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் மட்டும்தான், அவர்கள் அடுத்துப் போகப்போவதும் அக்னி தீர்த்தத்தின் குளிர்ந்த நீருக்கும், கோயிலுக்குள்ளே 22 கிணறுகளுக்கும்தான்.