அணைந்த பல்புகளின் மேகம்

ஊடாட்டக் கலை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சற்று ஒவ்வாமை. பார்வையாளன் ஒரு பொத்தானை அழுத்துவான், ஏதோ மின்னும், அவனும் படைப்பில் பங்கேற்றுவிட்டதாக அருகில் ஓர் அறிவிப்புப் பலகை சொல்லும். ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தது இதற்காகத்தானா என்று கேட்கத் தோன்றும்.

அந்த எண்ணத்தை அசைத்தது 'கிளவுட்' என்னும் படைப்பு. கேட்லிண்ட் பிரவுன், வேன் காரெட் என்ற கனடியக் கலைஞர் இருவர், 2012இல் கால்கரி நகரில் நடந்த நுயி பிளாஞ்ச் என்னும் இரவுக் கலைவிழாவுக்காகச் செய்தது. மேகம் போல் வளைந்த உலோகச் சட்டகத்தின்மேல் 6,000 குண்டு பல்புகள். பெரும்பாலானவை ஃபியூஸ் போனவை. மக்கள் தம் வீடுகளிலிருந்து கொடுத்தவை. அடியில் மழைத்தாரை போல மெல்லிய சங்கிலிகள் தொங்கும். ஒன்றை இழுத்தால் மேகத்துக்குள் ஒரு விளக்கு எரியும். மறுபடி இழுத்தால் அணையும். அவ்வளவே. நான் கண்டது காணொளியில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பார்வையாளனுக்கு இதில் பெரிய சுதந்திரம் ஏதுமில்லை. வீட்டில் நாள்தோறும் செய்வதையே செய்கிறான். ஆனால் வீட்டில் நாம் ஏற்றும் விளக்கு நம் சுவர்களுக்குள் அடங்கிவிடுகிறது. இங்கே ஒருவர் ஏற்றியதை முன்பின் அறியாத இன்னொருவர் அணைக்கிறார். சிலர் பேசிவைத்தாற்போல் ஒன்றாக இழுத்து மின்னல் வெட்டச் செய்கின்றனர். இழை அறுந்த பல்புகளோ, உள்ளிருந்து வரும் ஒளியைத் தம் கண்ணாடியில் வாங்கி நிற்கின்றன. எந்த வீட்டின் எந்த அறையில் எரிந்து தீர்ந்தவையோ! என் மனத்தில் தங்கியது இந்த இரவல் ஒளிதான்.

என் நண்பரொருவர் இதை ஏற்கவில்லை. கனடாவில் வழக்கமான குண்டு பல்பைச் சந்தையிலிருந்து விலக்கும் விதிகள் 2014இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. பல்பே மறந்துபோன தலைமுறைக்கு இது வெறும் அலங்காரம் என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. அண்மையில் வகுப்பில் நெடுநல்வாடை நடத்தினேன். மழை மூட்டத்தில் பொழுது தெரியாமல், பூக்கள் மலர்வதைக் கொண்டு மாலை வந்ததை அறிந்து, பெண்கள் இரும்பு விளக்கில் திரியேற்றும் இடம். "பூவைப் பார்த்து எப்படி ஐயா நேரம் தெரியும்?" என்றான் ஒரு மாணவன். விளக்கிச் சொல்ல எனக்கு நச்சினார்க்கினியர் இருந்தார். சங்கிலியை இழுத்த கையின் பழக்கத்துக்கு யார் உரை எழுத முடியும்?

அதனால் இப்படைப்பு விரைவில் மூப்படையும் என்பதில் நண்பரோடு உடன்படுகிறேன். அதைக் குறை என்று சொல்லத்தான் மனம் வரவில்லை. சென்ற மாதம் பரணைத் துப்புரவு செய்தபோது ஒரு பழைய குண்டு பல்பு கிடைத்தது. காதருகே ஆட்டிப் பார்த்தேன், அறுந்த இழை கிணுகிணுத்தது. தூக்கி எறியவில்லை. இதைச் சொன்னதற்கு நண்பர் சிரித்தார்.