கோட்டை மாதிரி தூதரகம் கட்டினால் மட்டும் போதுமா? அமெரிக்க வெளியுறவுத்துறையின் தீராத தலைவலி!

உலகம் முழுக்க 270-க்கும் அதிகமான இடங்களில் தூதரகங்களையும் துணைத் தூதரகங்களையும் நடத்துகிறது அமெரிக்க வெளியுறவுத்துறை. தாக்குதல் நடக்கும், விசாரணைக் குழு அமைப்பார்கள், பரிந்துரைகள் வரும், சில வருடங்களில் இன்னொரு தாக்குதல். 40 ஆண்டுகளாக இதுதான் கதை. இவ்வளவு பெரிய வல்லரசால் ஏன் இதைச் சரிசெய்ய முடியவில்லை?

100 அடி விதி எப்படி வந்தது?

1983 ஏப்ரலில் பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் மீது வெடிகுண்டு வாகனம் மோதியதில் 63 பேர் உயிரிழந்தனர். அட்மிரல் பாபி இன்மன் தலைமையிலான குழு 1985-ல் அறிக்கை கொடுத்தது. அதன்பின் வந்த பாதுகாப்பு விதிகளில் முக்கியமானது, தெருவுக்கும் தூதரகக் கட்டடத்துக்கும் நடுவே 100 அடி இடைவெளி வேண்டும் என்பது. தூரம் கூடக் கூட வெடிப்பின் அழுத்தம் வேகமாகக் குறைந்துவிடும். அதுதான் கணக்கு.

ஆனால் ஏற்கெனவே இருந்த கட்டடங்களை என்ன செய்வது? கென்யாவின் நைரோபி தூதரகம் பரபரப்பான சாலையை ஒட்டியே இருந்தது. 'இந்த இடம் ஆபத்தானது' என்று அப்போதைய தூதர் ப்ரூடென்ஸ் புஷ்நெல் வாஷிங்டனுக்கு முன்கூட்டியே எச்சரித்தும் இடம் மாறவில்லை. 1998 ஆகஸ்ட் 7-ல் நைரோபியிலும் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலும் ஒரே நாளில் குண்டு வெடித்தது. பலியானவர்கள் 224 பேர். அதில் அமெரிக்கர்கள் 12 பேர்தான், மற்றவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் மக்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் 100 அடி இடைவெளி சட்டமாகவே ஆனது.

சட்டம் வந்தபிறகும் பெங்காசியில் கோட்டை விட்டது எப்படி?

2012 செப்டம்பர் 11-ல் லிபியாவின் பெங்காசியில் தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் உட்பட 4 அமெரிக்கர்கள் கொல்லப்பட்டனர். பெங்காசி அலுவலகம் 'தற்காலிக' அலுவலகமாக இயங்கியது. அதனால் நிரந்தரத் தூதரகத்துக்கான பாதுகாப்புத் தரம் அங்கே முழுசாகப் பின்பற்றப்படவில்லை. பாதுகாப்பு அதிகாரிகளும் குறுகிய காலத்துக்கு வந்து வந்து போனார்கள்.

தாமஸ் பிக்கரிங், அட்மிரல் மைக் மல்லன் ஆகியோரின் விசாரணை வாரியம் 29 பரிந்துரைகளை அளித்தது. துறையின் இரண்டு பிரிவுகளில், மூத்த அதிகாரிகள் மட்டத்திலேயே நிர்வாகக் குறைபாடு இருந்ததாகச் சொன்னது. ஒரு பிரிவு 'இது அவர்கள் வேலை' என்று நினைக்க, இன்னொரு பிரிவும் அப்படியே நினைத்தால் முடிவை யார் எடுப்பது? சரி, தண்டனை? 4 அதிகாரிகள் விடுப்பில் அனுப்பப்பட்டு, 2013-ல் வேறு பொறுப்புகளுக்குத் திரும்பினார்கள்.

அதே வாரத்தில், சர்ச்சைக்குரிய ஒரு வீடியோவை எதிர்த்து நடந்த போராட்டத்தில், சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் மீதும் கல்வீச்சு நடந்தது நினைவிருக்கலாம்.

தவறுகளைச் சுட்டிக்காட்டுவது யார்?

அந்த வேலை 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' என்ற கண்காணிப்பு அதிகாரியுடையது. துறையின் பெரிய நிர்வாகச் சவால்கள் எவை என்று அவர் ஆண்டுதோறும் பட்டியல் போட வேண்டும் என்கிறது 2000-ம் ஆண்டுச் சட்டம். அந்தப் பட்டியலில் வெளிநாட்டு ஊழியர்கள், கட்டடங்களின் பாதுகாப்பு திரும்பத் திரும்ப இடம்பிடிக்கிறது. ஒப்பந்த மேலாண்மையும் அப்படித்தான். 2014-ல், சுமார் 600 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தங்களின் கோப்புகள் முழுமையாக இல்லை என்று இந்த அலுவலகம் எச்சரித்தது.

ஃபைல் காணோம் என்பதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்? தூதரக வாசலில் நிற்கும் காவலர் முதல் மதில் கட்டும் வேலை வரை பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் நடக்கிறது. கோப்பே இல்லையென்றால், கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு சிக்கல், கண்காணிப்பவர் நாற்காலியே நிலையாக இல்லை. 2008 முதல் 2013 வரை நிரந்தர இன்ஸ்பெக்டர் ஜெனரல் இல்லை. பெங்காசி தாக்குதல் நடந்ததும் அந்தக் காலத்தில்தான். 2013-ல் வந்த ஸ்டீவ் லினிக்கை 2020-ல் அதிபர் டிரம்ப் நீக்கினார். 2025 ஜனவரியில் பல துறைகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டபோது, வெளியுறவுத்துறையின் அதிகாரியும் அதில் ஒருவர்.

அப்போ தீர்வு என்ன?

100 அடி இடைவெளிக்குப் பெரிய நிலம் வேண்டும். அது ஊருக்கு வெளியேதான் கிடைக்கும். மக்களைச் சந்திக்க வேண்டிய தூதர்கள் ஊருக்கு வெளியே மதிலுக்குள் அடைந்து கிடந்தால் வேலை எப்படி நடக்கும்? இந்தக் கேள்வி வலுத்ததால், 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தி, ஆபத்தை இடத்துக்கு இடம் எடைபோடும் அதிகாரத்தைத் துறைக்கே கொடுத்தது.

முன்பு அளவுகோல் விதியில் இருந்தது. இப்போது அதிகாரிகளின் கணிப்புக்கு அதிக இடம். அந்தக் கணிப்பு தப்பினால் முதலில் பாதிக்கப்படப்போவது வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டவர் அல்ல; வாசலில் நிற்கும் உள்ளூர் காவலரும், விசா வரிசையில் காத்திருப்பவரும்தான். ஆகவே கணிப்பை எடுத்தது யார், எதை வைத்து எடுத்தார் என்பதைப் பதிவு செய்வதும், அதைத் தட்டிக்கேட்கும் அதிகாரியைச் சுதந்திரமாக இயங்க விடுவதும் மதிலைவிட முக்கியமாகிறது.