கிணற்றடி ஈரமும் பன்னும் வசம்பும்

வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குச் செல்லும் வீதியில், கடலுக்கும் களப்புக்கும் அண்மையாக அமைந்த மாங்கேணி போன்ற மணற்பாங்கான ஊர்களில், வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலெழுந்து, கிணற்றடியும் வளவின் தாழ்ந்த மூலையும் ஈரம் உலராது கிடப்பது ஆண்டுதோறும் நிகழும் காரியம். அவ்விடத்தைக் கிரவல் கொட்டி மேடாக்கிச் சீமெந்திட்டு மூடுவதே நாகரிகம் என்ற எண்ணம் பரவி வருகிறது. இறங்க வழியற்ற நீர் அயலார் வளவில் போய்த் தேங்குகிறது. அந்த மூலையை நந்தவனமாக்குவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிறவூரார் சொல்வதை நமது உபசாரத்துக்குக் கிடைத்த புகழாகவே கொள்ளும் நாம், பாய்க்கு ஆதாரமான பன்னை வளவில் நட்டு வளர்க்க நினைப்பதில்லை. புல்லைப்போலத் தோன்றினும் கோரைக் குடும்பத்தைச் சேர்ந்த அது, வேர்த்தண்டிலிருந்து ஆண்டுக்காண்டு தழைத்து, பூவை நாடாது தண்டின் நிமிர்விலேயே சௌந்தரியம் காண்பார் கண்ணை நிறைப்பது. முற்றியதை அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். அறுத்தது பாய்க்கு ஆகும். படர்ந்துவிடுமென்று அஞ்சுவோர் பழைய கிணற்று வளையமொன்றைப் புதைத்து அதற்குள் நடலாம்.

வாள் போன்ற இலையும், கசக்கினால் எழும் பரிமளமும் கொண்ட வசம்புக்கு, கணுவுள்ள கிழங்குத் துண்டைச் சேற்றில் கிடையாக ஊன்றினால் போதும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்றதாயினும், அமெரிக்காவில் 1968 முதல் உணவில் சேர்க்கத் தடைசெய்யப்பட்ட அதை, வைத்தியரைக் கேளாது குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுத்தலாகாது. உவரேறிய களப்போர வளவில் அது பிழைக்காது. கோரையினங்களில் சில அந்த உவரையும் தாங்கும்.

நுளம்பு பெருகுமே என்பது நியாயமான அச்சம். மண் ஈரமாயிருக்க, மேலே நீர் குட்டையாய் நில்லாதபடி பார்த்துக்கொள்வதே அதற்குப் பரிகாரம். டெங்கு நுளம்புக்குச் சிரட்டையும் பழைய டயருமே உகந்த இடங்கள்.

தூரதேசத்து அலங்காரச் செடிகளைத் தேடுவோர் ஒன்றை நினைக்க வேண்டும். அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நீர்நிலைகளை மூடிப் பரவியதால், அதனை ஒழிக்க 1909 இலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது. ஆதலால், இந்த மாரிக்கு முன் கிரவலுக்குச் சொல்ல எண்ணியிருக்கும் அன்பர்கள், அதனை நிறுத்தி, பன்வேலை செய்யும் அயலாரிடம் வேரோடு ஒரு பிடி பன் கேட்டு வாங்கி நடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.